குழாயைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களோடு கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. நானும் உங்களில் ஒருத்திதான். ஓ.பி. வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவள், அதே தடித்த ஃபைலை மடியில் வைத்திருக்கிறவள். அந்த உரிமையில் கோபித்துக்கொள்கிறேன்.

நாம் சந்தித்தால் என்ன பேசுகிறோம்? ஷண்ட் எத்தனை முறை மாற்றினார்கள், கிரியாட்டினின் எவ்வளவு, போன ஸ்கேனில் கிட்னி வீக்கம் குறைந்ததா, காலிபர் எங்கே நன்றாகச் செய்கிறார்கள். எல்லாம் தேவையான பேச்சு. அந்தக் கவனம் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் இந்த வயதுக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘உங்கள் மகளுக்கு எத்தனை சிநேகிதிகள்?’ என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பையன் கடைசியாக எப்போது அம்மா துணையில்லாமல் வாசலைத் தாண்டினான் என்று கேட்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இன்னமும் யார் டயப்பர் மாற்றுகிறார்கள், அது அவளுக்கு எப்படி இருக்கிறது என்று பேச்சு வந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். உயிரைக் காப்பாற்றிவிட்டோம். அந்த உயிர் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்க நமக்கு நேரமில்லை.

ஸ்பைனா பிஃபிடா என்கிற இந்தக் குறைபாட்டில் நடப்பது இதுதான். கரு உருவான 28 நாட்களுக்குள் குழந்தையின் நரம்புக் குழாய் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். எங்காவது மூடாமல் போனால் அந்த இடத்தில் முதுகெலும்பு பிளந்து, தண்டுவடம் வெளியே பிதுங்கி நிற்கிறது. பிறந்ததும் அறுவை சிகிச்சை செய்து மூடுகிறார்கள்; சேதமான நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிளவு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்கள் பாதிக்கப்படும். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் தண்டுவடத்தின் கடைக்கோடியில் இருப்பதால், நன்றாக நடக்கிற பிள்ளைக்குக்கூட அந்த இரண்டும் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. பலருக்குத் தலையில் நீரும் சேர்கிறது. அதை வயிற்றுக்குள் வடிப்பதற்குத்தான் ஷண்ட் என்கிற மெல்லிய குழாய். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு வருகிறேன்.

வாழ்க்கைத் தரத்தை உலக சுகாதார நிறுவனம் வாழ்கிறவரின் இடத்திலிருந்துதான் வரையறுக்கிறது. தன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அவரே என்ன நினைக்கிறார் என்பதுதான் அளவுகோல். பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பதும் கணக்கில் வராது, பெற்றவர்கள் நினைப்பதும் வராது. உடற்குறையுள்ள பிள்ளைகளிடம் அவர்கள் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடச் சொல்லி, பெற்றோரிடமும் அதையே கேட்ட ஆய்வுகள் நிறைய உண்டு. பெரும்பாலும் பெற்றோர்தான் குறைத்துப் போடுகிறார்கள். அதாவது, பிள்ளைக்குத் தன் வாழ்க்கை பிடித்திருக்கிறது. நாம்தான் அதைப் பார்த்து அழுகிறோம்.

2000ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்பைனா பிஃபிடாவோடு வளரும் சிறுவர்களையும் பதின்பருவத்தினரையும் எடுத்துக்கொண்டு, பிறந்தபோது அவர்களுடைய உடல்நிலை என்ன, இப்போதைய உடற்குறை என்ன, அவர்களுடைய வாழ்க்கைத் தரம் எப்படியிருக்கிறது என்று பார்த்தார்கள். கூடவே, பெற்றோருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதையும் அளந்தார்கள். பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தோடு மிக நெருக்கமாக ஒட்டி நின்றது எது தெரியுமா? பெற்றோரின் நம்பிக்கை. பிறந்தபோது இருந்த சேதத்துக்கும் இப்போதைய உடற்குறைக்கும் அவ்வளவு நெருக்கம் இல்லை. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அறுதியிட முடியாதுதான். ஆனாலும் முதுகுத் தழும்பின் உயரத்தைப் பார்த்தே பிள்ளையின் எதிர்காலத்தை எழுதி முடித்துவிட்ட நம்மைக் கொஞ்சம் உலுக்க வேண்டிய விஷயம் அது.

நம்பிக்கை என்றதும் எண்ணெய் வைத்தியரையும் ‘ஒரு நாள் எழுந்து நடந்துவிடுவான்’ என்கிற வேண்டுதலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது வேறு. இவள் பத்தாம் வகுப்பு எழுதுவாள், பஸ் ஏறுவாள், சம்பாதிப்பாள், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று இன்றைய வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது நம்பிக்கை. ‘என் காலம் வரைக்கும் நான் பார்த்துக்குவேன், அப்புறம் கடவுள் விட்ட வழி’ என்று பிள்ளையை வைத்துக்கொண்டே உறவினரிடம் சொல்கிறீர்களே, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எட்டு வயதுக் குழந்தை என்ன புரிந்துகொள்ளும்? அம்மா போன பிறகு தனக்கு வாழ்க்கை இல்லை என்றுதான் புரிந்துகொள்ளும். அன்பால்தான் சொல்கிறீர்கள். இருந்தாலும் சொல்லாதீர்கள்.

சிறுநீரிலிருந்து தொடங்குகிறேன். நாம் பேசக் கூசுகிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள்.

நரம்பு வேலை செய்யாத சிறுநீர்ப்பை தானாக முழுதும் காலியாகாது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதுபோல, நிறைந்த பிறகு சொட்டுச் சொட்டாகக் கசியும். துணி நனைவது நம் கண்ணில் படுகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பிப் போவது படுவதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குறைபாட்டோடு பிறந்து வளர்ந்தவர்களைச் சிறுநீரகக் கோளாறுதான் கொண்டுபோனது. அதை மாற்றியது மெல்லிய ஒரு குழாய். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடெஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீரை முழுதாக வெளியேற்றிவிடலாம், அதற்கு ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் வேண்டியதில்லை, சுத்தமாகக் கழுவிய கையும் குழாயும் போதும் என்று எழுதினார். நாம் சிஐசி என்று சொல்லும் முறை அதுதான். அவர் கட்டுரையின் தலைப்பிலேயே நோயாளி தனக்குத் தானே செய்துகொள்வது என்றுதான் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அந்தக் குழாய் நோயாளியின் கைக்கென்று வந்தது. அதைத் தாயின் கையில் நிரந்தரமாக வைத்துவிட்டது நாம்.

எத்தனை பள்ளிக்கூட வாசல்களில் வேப்பமரத்தடியில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள்! காலை பத்தரைக்கு ஒருமுறை, மதியம் ஒன்றரைக்கு ஒருமுறை உள்ளே போய் மகளுக்குச் சிறுநீர் எடுத்துவிட்டு வருவாள். ஒன்றாம் வகுப்பில் அது தியாகம். ஒன்பதாம் வகுப்பிலும் அதே தாய் அதே மரத்தடியில் இருந்தால் அதைத் தியாகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன. பூக்கட்டுகிறாள், படம் வரைகிறாள், போனில் நம்மைவிட வேகமாகத் தட்டுகிறாள். குழாய் விட மட்டும் தெரியாது, நீங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. ‘சுத்தமா செய்ய மாட்டா, இன்ஃபெக்‌ஷன் வந்துடும்’ என்கிறீர்கள். உங்களுக்கும் முதல் வாரம் கை நடுங்கத்தான் செய்தது.

கையும் கவனமும் ஒத்துழைக்கிற பிள்ளை ஆறேழு வயதிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்கலாம். முதலில் கை கழுவவும் குழாயை எடுத்துக் கொடுக்கவும் பழகட்டும். பிறகு நீங்கள் விட்ட குழாயைப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் நின்றபின் மெல்ல வெளியே எடுக்கட்டும். பெண் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு சிறு கண்ணாடி வேண்டும். பழகிவிட்டால் விரல் தொட்டே இடம் தெரியும். மாதக்கணக்கில் ஆகும், நடுவில் அழுகையும் அடமும் வரும், பள்ளிக்கு அவசரமாகக் கிளம்பும் காலையில் ‘நானே போட்டுவிடுகிறேன் வா’ என்று உங்கள் கை தானாக நீளும். அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து இறங்கிச் செய்ய முடியாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பிரான்சின் மருத்துவர் பால் மித்ரொஃபானொஃப் 1980இல் வெளியிட்ட அறுவை முறையில், குடல்வாலை ஒரு சிறு பாதையாக மாற்றிச் சிறுநீர்ப்பையிலிருந்து தொப்புள் வரைக்கும் கொண்டுவருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, சட்டையை லேசாகத் தூக்கிவிட்டுக் குழாய் விட்டுக்கொள்ளலாம். அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டால்தானே அவர் சொல்வார்?

இன்னொன்று. பள்ளியில் நனைந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து தண்ணீரே கொடுக்காமல் அனுப்புகிறீர்கள். சிநேகிதிகள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது இவள் வறண்ட உதட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், மலம் இறுகி அடைத்தால் சிறுநீர்க் கசிவு இன்னும் மோசமாகும். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

மலத்தைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் கூச்சம். அமெரிக்காவின் இண்டியானாவில் கொன்ராட் சிமான்ஸ்கியும் உடன் வேலை செய்தவர்களும் ஸ்பைனா பிஃபிடா உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்களை உருவாக்கினார்கள். சிறுவர்க்கு ஒன்று, பதின்பருவத்தினர்க்கு ஒன்று, பெரியவர்க்கு ஒன்று. பதின்பருவத்தினர்க்கானது இரண்டே பகுதிகள் கொண்டது. ஒன்று குடும்பமும் தற்சார்பும், மற்றது சிறுநீரும் மலமும். நாம் இரவும் பகலும் கவலைப்படுகிற நடைக்கு அதில் தனிப் பகுதியே இல்லை. இதே குழு பெரியவர்களிடம் செய்த ஆய்வில், சிறுநீர்க் கசிவு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வாழ்க்கைத் தரம் இறங்கியது. மலக் கசிவில் அந்தக் கணக்கு இல்லை. கொஞ்சமானாலும் நிறையவானாலும், எப்போதாவது ஆனாலும் அடிக்கடி ஆனாலும் அடி ஒன்றுதான். எப்போது வருமோ என்கிற பயமே ஒரு மனிதரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிடும்.

இதற்குப் பெரிய மருத்துவம் தேவைப்படாமலே பலருக்குப் பலன் கிடைக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில், தினமும் ஒரே வேளையில், கால் தரையிலோ பலகையிலோ ஊன்றும்படி பிள்ளையை உட்காரவைத்துப் பழக்க வேண்டும். கீரையும் பழமும் தண்ணீரும் வேண்டும். போதவில்லை என்றால் மருந்து, இனிமா, குடலைக் கழுவிவிடும் முறைகள் என்று படிப்படியாக உண்டு. மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். காலையில் வீட்டிலேயே குடல் காலியாகிவிட்டால் பள்ளியில் அந்த நாள் பயமில்லாத நாள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ‘பழகிடுச்சு’ என்று சொல்லி இரண்டு டயப்பரைப் பையில் வைத்து அனுப்புகிறோம். பழகியது நமக்கு. பின்வரிசையில் தனியாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குப் பழகவே பழகாது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைக்குத் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? பதினான்கு வயதுப் பெண்ணைப் பார்த்து டாக்டர், ‘எப்படிம்மா இருக்கே, தலைவலி இருக்கா?’ என்கிறார். அவள் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்கிறாள்: ‘இல்ல டாக்டர், நல்லா இருக்கா.’ தலை வலிப்பது அம்மாவுக்கா? ஷண்ட் அடைத்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, அசதித் தூக்கம், பார்வைக் கோளாறு, படிப்பில் திடீர்ச் சறுக்கல் வரலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வளர்கிற வயதில் தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுபட்டால் முதுகுவலி வரும், நடை மாறும், அடங்கியிருந்த சிறுநீர் மறுபடி கசியும். இந்த அறிகுறிகளை முதலில் உணர்கிறவர் பிள்ளைதான். பள்ளியிலோ ஹாஸ்டலிலோ அவளுக்குத் தலை வலித்தால், ‘எனக்கு ஷண்ட் இருக்கிறது, இந்த வலி சாதாரணமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்’ என்று சொல்லத் தெரிய வேண்டும். தலையிலிருக்கும் குழாய்க்குப் பெயர்கூடத் தெரியாமல் வளர்த்துவிட்டு, ‘குழந்தை மனசு கஷ்டப்படும்னு சொல்லல’ என்கிறீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், அரைகுறையாகத் தெரியும். மனதுக்கு அதுதான் அதிகக் கஷ்டம்.

ஷண்ட் பேச்சு வந்ததால் ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜான் ஹோல்டர் என்பவர் அமெரிக்காவில் பூட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்த தொழில்நுட்பக் கைவினைஞர். 1955இல் அவருக்குப் பிறந்த மகனுக்கு ஸ்பைனா பிஃபிடா, தலையிலும் நீர். டாக்டர்களிடம் என்ன சிக்கல் என்று விடாமல் கேட்டார். நீர் ஒரு பக்கமாக மட்டும் போகும்படியான நல்ல வால்வு இல்லை என்றார்கள். தன் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சிலிக்கோனில் ஒரு வால்வு செய்தார். 1956இலிருந்து அவர் பெயரும் மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் பெயரும் சேர்ந்து ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வாக அது எண்ணற்ற குழந்தைகளுக்குப் போனது. அவர் மகன் நீண்ட நாள் வாழவில்லை. நாம் எல்லோரும் வால்வு செய்ய முடியாது. ஆனால் டாக்டர் முன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து மற்ற பெற்றோரிடம் ‘அவர் என்ன சொன்னார்?’ என்று கேட்கிற வழக்கத்தையாவது விடலாம்.

உணர்ச்சி இல்லாத தோலைப் பற்றி ஓரிரு வார்த்தை. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றவைக்காதீர்கள். கொப்பளித்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. வேண்டுதலுக்கு நீங்கள் சுற்றுங்கள். பைக் சைலன்சரும் சூடான தண்ணீரும் அப்படித்தான். தினமும் இரவு ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பாதத்தையும் பின்புறத்தையும் தானே பார்த்துக்கொள்ளப் பிள்ளையைப் பழக்குங்கள். ரப்பர் பலூன், ரப்பர் கையுறை ஒவ்வாமை நம் பிள்ளைகளுக்கு அதிகம் வருவதால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே அதைச் சொல்ல வேண்டும்.

நடையைப் பற்றி நம் வீடுகளில் நடக்கிற பிடிவாதத்தைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. காலிபர் போட்டு, வாக்கர் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து இருபதடி நடந்தால் கைதட்டுகிறோம். நடக்கட்டும், நல்லதுதான்; எலும்புக்கும் குடலுக்கும் நல்லது. ஆனால் வகுப்புக்கும் மைதானத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் வீல்சேரில் போனால் ‘பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்களே, அது யாருக்காக? இடுப்புக்குக் கீழ்ப் பகுதியில் பலம் குறைந்த பிள்ளைகள் பலர் சிறு வயதில் நடந்துவிட்டு, பதின்பருவத்தில் உயரமும் எடையும் கூடியதும் நாற்காலிக்கு மாறுகிறார்கள். அதைத் தோல்வியாக நாம் பார்த்தால் அவர்களும் அப்படியே பார்ப்பார்கள். வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் 1969இல் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்த டானி கிரே-தாம்சன் சிறு வயதிலேயே நாற்காலிக்கு மாறியவர். மற்ற பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளியில்தான் மகளும் படிக்க வேண்டும் என்று அவருடைய பெற்றோர் போராடினார்கள். பாராலிம்பிக்கில் 11 தங்கம் உட்பட 16 பதக்கங்கள், லண்டன் மாரத்தானில் ஆறு வெற்றிகள், 2010 முதல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் இடம். உங்கள் பிள்ளை பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெற்றோர் பள்ளிக்காகப் போராடிய நாளில் அவர்கள் கையில் ஒரு பதக்கமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளி என்றால் நமக்கு நூறு காரணம். படிக்கட்டு இருக்கிறது, கழிப்பறை சரியில்லை, தலைமையாசிரியர் தயங்குகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் அணுகும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. இவற்றைக் கேட்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யூடிஐடி என்கிற அடையாள அட்டையும் வேண்டும். அவற்றை வாங்காமல் ‘ஊனம்னு முத்திரை குத்திடுவாங்க’ என்று குறையை ஒளித்துவைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். முத்திரை ஏற்கெனவே ஊரார் மனதில் இருக்கிறது. உரிமைதான் கையில் இல்லை. சிறு குழந்தை என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பரிசோதித்துக் கண்டறிய வேண்டிய முப்பது நிலைகளில் நரம்புக் குழாய்க் குறைபாடும் ஒன்று.

பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. ‘வாய் கிழியப் பேசுறா, கணக்கு மட்டும் போட மாட்டா, சோம்பேறி’ என்று திட்டுகிறீர்கள். தலையில் நீர் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பேச்சும் சொல்வளமும் நன்றாக இருக்கும். கணக்கும், ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்வதும், கவனத்தை நிறுத்துவதும் கடினமாக இருக்கும். மூளை வளர்ந்த விதம் அது. அடித்தால் சரியாகாது. வேலையைச் சிறு துண்டுகளாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள், ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். குழாய் விடும் நேரத்தை மறப்பதும் இதே காரணத்தால்தான். அந்த அலாரம் அதற்கும் உதவும்.

பதின்பருவம் வந்தால் நாம் வாயையே மூடிக்கொள்கிறோம். தலையில் நீர் உள்ள பெண் குழந்தைகள் சிலர் மற்றவர்களைவிடச் சீக்கிரமே பூப்படைகிறார்கள். மூன்றாம் நான்காம் வகுப்பிலேயே அவளிடம் பேசிவிட வேண்டும். பையனுக்கும் கேள்விகள் இருக்கும். அப்பாக்கள் எங்கே போனீர்கள்? ‘இவளுக்கெல்லாம் கல்யாணமா’ என்று அவள் காதில் விழும்படி பேசுகிறவர்களை நீங்களாவது அதட்ட வேண்டும். ஸ்பைனா பிஃபிடா உள்ள பெண்கள் மணம் செய்துகொண்டு தாயாகியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து டாக்டர், நர்ஸ், ஆயா, பாட்டி என்று எத்தனையோ கைகள் தொட்ட உடம்பு நம் பிள்ளைகளுடையது. யார் தொடலாம், எதற்காகத் தொடலாம், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை மற்ற பிள்ளைகளைவிட முன்னதாகவும் தெளிவாகவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கேட்காமல் டயப்பரை அவிழ்க்கிற பழக்கத்தை நம் வீட்டிலேயே நிறுத்தினால்தான் அந்தப் பாடம் ஏறும். தன் உடம்புக்குத் தானே காவல் என்ற உணர்வு, குழாயைத் தானே பிடிக்கும்போது வருகிறது.

‘கிரகணத்தில் வெளியே வந்தாள், அதான்’ என்று இன்றைக்கும் மருமகளைக் குத்துகிற வீடுகளுக்கும் சொல்கிறேன். நரம்புக் குழாய் மூடும் அந்த 28 நாட்களில், தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. உடம்பில் ஃபோலிக் அமிலம் போதுமான அளவு முன்பே இருக்க வேண்டும். 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது மறுபடி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறவர்கள் அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து அந்த மாத்திரையைக் கேளுங்கள். நம் பெண்கள் தாயாகும் வயதில் அவர்களுக்கும் அதே கூடுதல் அளவைத்தான் பரிந்துரைக்கிறார்கள். குற்ற உணர்ச்சியில் உடைந்துபோன தாயால் பிள்ளைக்கு நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. அவளை உடைக்கிற மாமியாரும், ஞாயிற்றுக்கிழமைகூட ஒருமுறை சிறுநீர் எடுத்துப் பார்க்காத கணவரும் பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தில்தான் கை வைக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு ஆறேழு வயது ஆகிவிட்டதா? இந்தக் கோடை விடுமுறையிலேயே ஆரம்பியுங்கள். ஓ.பி.யில் நர்ஸ் அக்காவிடம், ‘எனக்குக் காட்டினது போதும், பிள்ளைக்குக் காட்டுங்க’ என்று கேளுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வயதாகியும் நீங்களேதான் செய்கிறீர்கள் என்றால் தாமதமாகிவிட்டது, ஆனாலும் ஆரம்பியுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பையில் தண்ணீர் பாட்டில் நிறைந்திருக்கட்டும், குழாய் பிள்ளையின் கையில் இருக்கட்டும், நீங்கள் வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.